கோவை மைதானத்தில் யாருக்குப் பங்கு?

பந்தாட்ட சீசன் முடிந்தால் பொட்டிப்புரம் டீக்கடையிலும் விசாரணை நடக்கும். கோல்கீப்பர் சரியில்லை, கோச்சை மாற்று, அடுத்த வருஷம் பார் என்பார்கள். பேசட்டும். ஆனால், தோழர்களே, நம் பிள்ளைகள் பிழைக்கப் போகும் கோவையில் அப்படிப் பேசவே அணி இல்லாமல் போன கதை தெரியுமா?

2019 மார்ச் 9. கோவை நேரு ஸ்டேடியம். சென்னை சிட்டி அணி மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று ஐ-லீக் பட்டத்தைப் பிடித்தது. ஈஸ்ட் பெங்கால் ஒரே ஒரு பாயிண்டில் பின்தங்கியது. பெட்ரோ மான்சி அந்த சீசனில் அடித்தது 21 கோல். பெயர்தான் சென்னை, ஆடியதும், கை தட்டியதும் மில் ஊரில்!

அதே 2019-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் அணியில் 26 சதவீதப் பங்கு வாங்கியது. கடல் கடந்தவனுக்குப் பங்கு. ஷிப்ட் முடித்து டிக்கெட் வாங்கிய தொழிலாளிக்கு? கைதட்டும் உரிமை மட்டும்.

2020-21 சீசனோடு ஐ-லீகில் அணியின் ஆட்டம் முடிந்தது. கொரோனாவால் அந்த சீசன் முழுவதும் வங்காளத்தில் நடந்தது. கோவைக்காரன் கடைசி ஆட்டத்தை மைதானத்தில் பார்க்கவும் கொடுத்து வைக்கவில்லை.

ஜெர்மனியில் கிளப் ஓட்டில் பாதிக்கு மேல் அங்கத்தினர் கையில் இருக்க வேண்டுமென்று 1998 முதல் விதி. (இரண்டொரு கம்பெனிகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள் என்பதும் உண்மை.) அங்கே ரசிகன் சந்தா கட்டுகிறான், கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கிறான்.

ஆகவே அடுத்த சீசனைப் பற்றிப் பேசும்போது, கோச் யார் என்பதோடு, அங்கத்தினர் சீட்டு எங்கே என்றும் கேளுங்கள்.