ஓரோ பிரேத்தோவில் எந்தக் கோயிலுக்கு முதலில் போகவேண்டும்?

பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்து மலைகளுக்குள் இருக்கிற ஓரோ பிரேத்தோ நகருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பிலார் மாதா கோயிலுக்குத்தான் போகிறார்கள். நாங்களும் அப்படித்தான் போனோம். இப்ப யோசிச்சுப் பாத்தா அது பிழை எண்டுதான் படுது.

பிழை எண்டு சொன்னதால அந்தக் கோயில் வடிவில்லை எண்டு நினைச்சிடாதேங்கோ. வாசலில் ரிக்கற் வாங்கி உள்ளே போனவுடன் எங்கள் மூன்று பேருக்கும் கதையே வரவில்லை. பீடம், தூண்கள், சம்மனசுகள், கொடிகள் எல்லாவற்றையும் மரத்தில் செதுக்கி அதன்மேல் மெல்லிய தங்கத்தாள் ஒட்டியிருக்கிறார்கள். 400 கிலோவுக்கு மேல் தங்கம் போயிருக்கிறது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். உள்ளே படம் எடுக்க விடமாட்டினம். அதுவும் ஒருவகையில் நல்லதுதான், போனைப் பைக்குள் வைத்துவிட்டு கழுத்து நோக அண்ணாந்து பார்க்கலாம்.

சிக்கல் அதுக்குப் பிறகுதான் வருது. அந்தத் தங்கத்தைப் பார்த்த கண்ணோடு நகரத்தைச் சுற்றினால் மிச்சம் எல்லாம் சின்னதாகத் தெரிகிறது. மலை உச்சியில், மூச்சு வாங்க ஏறிப்போகவேண்டிய தூரத்தில், சாந்தா எஃபிஜேனியா கோயில் இருக்கிறது. அதை நாங்கள் கடைசி நாள் பின்னேரம், கால் உளைவோடு, அரை மணித்தியாலம் பார்த்தோம். அதைத்தான் முதலில் பார்த்திருக்கவேண்டும். ஏன் என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

1690களில் இந்த மலைகளில் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. ஆற்றில் கிடைத்த தங்கம் வெளியே கறுப்பாக இருந்தபடியால் 'கறுப்புத் தங்கம்' என்ற பொருளில் ஓரோ பிரேத்தோ என்ற பெயர். 1711இல் அது விலா ரிக்கா, அதாவது பணக்கார ஊர், என்ற பெயரில் நகரமானது. எடுக்கிற தங்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு போர்த்துக்கேய அரசனுக்கு. 1658இல் யாழ்ப்பாணத்தை ஒல்லாந்தரிடம் பறிகொடுத்த அதே அரசுதான். தெருவில் நடக்கேக்க சனம் ஜனேலா, மேசா, சப்பாத்து, கதேய்ரா எண்டு கதைக்கிறது காதில விழ எங்களில் ஒருவருக்குச் சிரிப்பு வந்திட்டுது. எங்கட வீட்டு யன்னல், மேசை, சப்பாத்து, கதிரை எல்லாம் அங்க ஆற்றயோ வாயில இருக்கு.

தங்கத்தைத் தோண்டியவர்கள் ஆபிரிக்காவில் இருந்து கப்பலில் கொண்டுவரப்பட்டு அடிமைகளாக்கப்பட்ட மக்கள். இதைச் சொல்லும்போது 'உழைப்பு' என்ற சொல்லோடு நிற்பாட்டிவிடுகிறார்கள். அது அரை உண்மை. மேற்கு ஆபிரிக்காவின் 'மினா' கரையில் இருந்து வந்தவர்களுக்கு இங்கே தனி மதிப்பு இருந்தது, ஏனென்றால் அந்தப் பகுதிகளில் பல தலைமுறையாகத் தங்கம் அரித்து எடுத்த அனுபவம் இருந்தது. முதலாளிமார் விலை கொடுத்து வாங்கியது கைகளை மட்டுமல்ல, அறிவையும்தான்.

இனி கோயில்களின் கதை. துறவிகள் தங்கம் கடத்துவார்கள் என்ற சந்தேகத்தில் போர்த்துக்கேய அரசு துறவற சபைகளை மினாசில் மடம் அமைக்க விடவில்லை. அதனால் இங்கே கோயில்களைக் கட்டியது பொதுமக்களின் சகோதர சபைகள். வெள்ளையருக்கு ஒரு சபை, கலப்பினத்தவருக்கு ஒன்று, கறுப்பினத்தவருக்கு ஒன்று. நோய் வந்தால் பார்ப்பது, திருவிழா நடத்துவது, செத்தால் மரியாதையாக அடக்கம் செய்வது எல்லாம் அந்தந்தச் சபையின் பொறுப்பு. எந்தக் கோயில் ஆருடையது, எந்தச் சேமக்காலையில் ஆரைத் தாக்கலாம் எண்டதுகளைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு இதை ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

கறுப்பின மக்களின் சபை பெரும்பாலும் செபமாலை மாதா சபை. இங்கேதான் பிலார் கோயிலைப் பற்றி எங்களை உலுக்கிய ஒரு விஷயம் வருகிறது. பிலார் கட்டப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில் நற்கருணையை வைத்திருந்தது கறுப்பின மக்களின் செபமாலை மாதா கோயிலில். 1733இல் புதுக் கோயில் திறந்தபோது, அங்கிருந்து பெரிய ஊர்வலமாக அதை பிலாருக்குக் கொண்டுபோனார்கள். குதிரைகள், பட்டு, இரத்தினக்கல், வாத்தியம் என்று விலா ரிக்கா அதுவரை காணாத ஆடம்பரம். அந்த ஊர்வலத்தின் விபரம் அடுத்த வருடம் லிஸ்பனில் புத்தகமாக அச்சானது. அதை அச்சிடச் செய்து செபமாலை மாதாவுக்குக் காணிக்கையாக்கியது அந்தக் கறுப்பினச் சபையின் சகோதரர்கள். தங்கக் கோயிலின் திறப்புவிழா எங்களுக்கு இன்று தெரிகிறதென்றால் அவர்கள் அதை எழுத்தில் நிற்கவைத்ததால்தான். எங்களுக்கு இதை பிலாரில் ஒருவரும் சொல்லவில்லை. பிறகு வாசிச்சுத்தான் அறிஞ்சம்.

சாந்தா எஃபிஜேனியா கோயிலும் அப்படி ஒரு சபையினுடையது. எஃபிஜேனியா ஆபிரிக்கப் புனிதை, சுரூபமும் கறுப்பு. இந்தக் கோயிலைப் பற்றி ஊரில் ஒரு கதை இருக்கிறது. ஷிக்கோ ரெய் என்று ஒரு ஆபிரிக்க அரசன் அடிமையாகப் பிடித்துக்கொண்டுவரப்பட்டு, சுரங்கத்தில் வேலை செய்து, முதலில் தன் மகனுக்கும் பிறகு தனக்கும் விடுதலை வாங்கி, கடைசியில் ஒரு சுரங்கத்தையே வாங்கித் தன் ஆட்களை மீட்டாராம். பெண்கள் தலைமயிருக்குள் தங்கத்தூளை ஒளித்துக்கொண்டு வந்து இங்கே தொட்டித் தண்ணீரில் கழுவிவிடுவார்களாம், அந்தத் தங்கத்தில்தான் கோயில் எழும்பியதாம். அப்படி ஒருவர் வாழ்ந்தார் என்பதற்கு வரலாற்று ஆதாரம் கிடையாது. எங்களில் ஒருவருக்கு இது பெரிய ஏமாற்றம். எங்களுக்குள்ள இதில சண்டையே வந்தது. ஆதாரம் இல்லாத கதையை ஏன் இன்னும் சொல்லித் திரியவேணும் எண்டு அவர் கேட்டார். எங்கள் மற்ற இரண்டு பேரின் எண்ணம் வேறு: கதை பொய்யாக இருக்கலாம், கோயில் பொய்யில்லை. சொந்த உடம்பே சொந்தமில்லாத ஆட்களும் விடுதலை வாங்கிய ஆட்களும் சேர்ந்து, காசு சேர்த்து, நகரத்தில் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற ஒரு உச்சியில் கல்லால் கோயில் கட்டியிருக்கிறார்கள். அதுக்கு அரசன் தேவையில்லை.

இப்ப மியூசியங்களுக்கு வருவம். நகரத்தின் நடுச் சதுக்கத்தில் இருக்கிறது இன்கொன்ஃபிதென்சியா மியூசியம். பழைய நகரசபையும் சிறைச்சாலையும் ஒன்றாக இருந்த கட்டடம். 1789இல் போர்த்துக்கேய வரிக்கு எதிராகச் சதி செய்து பிடிபட்டவர்களின் நினைவாக 1944இல் திறந்தது. அவர்களில் திராதென்தெஸ் என்பவரை மட்டும் 1792 ஏப்ரல் 21இல் ரியோவில் தூக்கிலிட்டு, உடலைத் துண்டாக்கி, தலையை இங்கே கொண்டுவந்து காட்சிக்கு வைத்தார்கள். இன்றைக்கு அந்த நாள் நாட்டின் விடுமுறை நாள். மற்றவர்களில் பலரை ஆபிரிக்காவுக்கு நாடு கடத்தினார்கள். அங்கே இறந்தவர்களின் எலும்புகளை 1930களில் ஜெத்துலியோ வர்காசின் அரசு தேடி எடுத்துக்கொண்டுவந்து, இந்தக் கட்டடத்துக்குள் ஒரு மண்டபத்தில் வரிசையாக அடக்கம் செய்தது. அந்த மண்டபம் இருட்டு, அமைதி, கல். உள்ளே நிற்கேக்க குரல் தானாக் குறையுது.

அங்கே அடக்கமாகியிருக்கிற ஒருவர் தோமாஸ் அந்தோனியோ கொன்சாகா. கவிஞர், நீதவான். இதே சிறைச்சாலையை ஆளுநர் கட்டியபோது பிடித்துவந்தவர்களை வதைத்து வேலை வாங்கிய விதத்தை நக்கலடிக்கும் 'சிலி நாட்டுக் கடிதங்கள்' என்ற கவிதை நூல் அவருடையது என்று கருதப்படுகிறது. மொசாம்பிக்குக்கு நாடு கடத்தப்பட்ட பிறகு அதே மனிதர் அடிமை வியாபாரத்தில் பணம் சேர்த்த ஒரு குடும்பத்தில் கலியாணம் செய்தார். அவர் நக்கலடித்த கட்டடமே இப்போது அவருடைய கல்லறை. சதிகாரர்கள் குடியரசு கேட்டார்கள், ஆனால் அடிமை முறையை ஒழிப்பதா என்பதில் அவர்களுக்குள் உடன்பாடு இருக்கவில்லை. பலரிடம் அடிமைகள் இருந்தார்கள். பிரேசிலில் அந்த முறை சட்டப்படி ஒழிந்தது 1888இல்தான்.

கீழே கொஞ்ச தூரம் நடந்தால் காசா தோஸ் கொந்தோஸ். வரி வசூலித்த ஒரு பணக்காரர் 1780களில் கட்டிய மாளிகை, இப்போது நாணய மியூசியம். மேலே காசும் தளபாடமும். படியால் இறங்கினால் அடிமைகளை வைத்திருந்த நிலவறை. கல் நிலம், குறைந்த வெளிச்சம், சங்கிலி, விலங்கு, இரும்புக் கருவிகள். அங்கே வைத்திருப்பது சரிதான், அது நடந்த இடம் அது. ஆனால் இரண்டையும் ஒரே நாளில் பார்த்த எங்களுக்கு ஒன்று உறைத்தது: அடிமைகளை வைத்திருந்த சதிகாரருக்குப் பெயர் வெட்டிய கல், நகரத்தையே தோண்டி எடுத்தவர்களுக்குப் பெயரில்லாத சங்கிலி. சங்கிலி செய்தது முதலாளி. அதைக் காட்டி அந்த மக்களின் வாழ்க்கை இதுதான் என்று சொன்னால், அவர்களுடைய கதையையும் முதலாளியின் பொருளைக் கொண்டே சொல்லிமுடிக்கிறோம். அவர்கள் தாங்களே செய்தது மலையில இருக்கு. அதுக்குத்தான் ஏறுங்கோ எண்டு கேக்கிறம்.

பெயர் கிடைத்தவர்களிலும் இந்தச் சிக்கல் இருக்கிறது. சாவோ பிரான்சிஸ்கோ தே அசிஸ் கோயிலைப் பார்க்காமல் ஒருவரும் திரும்பமாட்டார்கள். அதை வடிவமைத்தவர் அந்தோனியோ பிரான்சிஸ்கோ லிஸ்போவா, 'சின்ன முடவன்' என்ற பொருள்வரும் அலெய்ஜாதின்யோ என்ற பெயரில் உலகம் அறிந்தவர். அப்பா போர்த்துக்கேயக் கட்டடக் கலைஞர், அம்மா அடிமையாக இருந்த ஆபிரிக்கப் பெண். நோயில் கைகள் சிதைந்த பிறகு உளியையும் சுத்தியலையும் கையில் கட்டிக்கொண்டு செதுக்கினார் என்று 1858இல் வந்த அவருடைய முதல் வாழ்க்கை வரலாறு சொல்கிறது. இந்தக் கதையை எல்லோரும் கண்கலங்கச் சொல்வார்கள். ஆனால் அதே வரலாற்றில், அந்த உளியைக் கட்டிவிட்டவர் மவுரிசியோ என்ற அடிமை என்றும், அவரும் செதுக்குகிற ஆள்தான் என்றும் இருக்கிறது. அம்மா அடிமை, மகனிடம் அடிமை. இதை வைத்து அலெய்ஜாதின்யோவைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. கொங்கோன்யாஸ் ஊரில் அவர் மாக்கல்லில் செய்த 12 தீர்க்கதரிசிகளுக்கு முன்னால் நின்றுவிட்டு அப்படிச் சொல்ல ஒருவராலும் முடியாது. அந்த 12 பேரிலும் மவுரிசியோ போன்றவர்களின் கை எங்கெங்கே பட்டிருக்கும் என்றும் பாருங்கள் என்கிறோம், அவ்வளவுதான்.

அதே பிரான்சிஸ்கோ கோயிலின் கூரையில் அத்தாயிதே என்ற ஓவியர் வரைந்த மாதா இருக்கிறார். மாநிற முகம், சுற்றிவர வாத்தியம் வாசிக்கிற சம்மனசுகள். ஓவியர் கலியாணம் கட்டாமல் சேர்ந்து வாழ்ந்த கலப்பினப் பெண்ணின் முகம்தான் அது என்று ஊரில் கதைக்கிறார்கள். மெய்யோ பொய்யோ, வசதியான வெள்ளையரின் கோயிலில் அந்த முகம் மேலே இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. எங்களுக்கு அந்த நகரத்தில் மிகப் பிடித்த முகமும் அதுதான்.

பக்கத்து நகரமான மரியானாவுக்குப் போனால் இதெல்லாம் பழைய கதை என்ற எண்ணம் போய்விடும். 2015 நவம்பர் 5ஆம் திகதி, மரியானாவைச் சேர்ந்த பென்தோ ரொத்ரீகெஸ் என்ற கிராமத்துக்கு மேலே இருந்த இரும்புச் சுரங்கக் கழிவு அணை உடைந்தது. வாலே, பி.எச்.பி. என்ற இரண்டு பெரிய நிறுவனங்களின் கூட்டு நிறுவனமான சமார்கோவின் அணை. 19 பேர் செத்தார்கள். சேறு தோசே ஆற்றோடு 600 கிலோமீற்றருக்கு மேல் போய் அத்திலாந்திக் கடலில் கலந்தது. அந்தக் கிராமமும் தங்கக் காலத்தில் உருவானதுதான். அங்கிருந்த 18ஆம் நூற்றாண்டு சாவோ பென்தோ கோயில் சேற்றோடு போனது. ஓரோ பிரேத்தோ 1980இல் இருந்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இருக்கிறது. அங்கே ஓடு மாற்றவும் அனுமதி வேண்டும். பென்தோவின் மேலே சேற்று அணை கட்ட அனுமதி கிடைத்தது. எது பாரம்பரியம், ஆருடைய கோயில் பாரம்பரியம் எண்டதை ஆர் முடிவெடுக்கினம்? மரியானாப் பேராலயத்தில் ஜெர்மனியில் செய்த பழைய ஓர்கன் ஒன்று இருக்கிறது, உலகப் பிரசித்தம். அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோதும் எங்களுக்கு இந்தக் கேள்வியே ஓடிக்கொண்டிருந்தது.

போகிற யோகம் கிடைக்கிறவர்களுக்கு எங்கட ஆலோசனை இது. முதல்நாள் காலமை, வெயில் ஏறமுந்தி, சாந்தா எஃபிஜேனியாவுக்கு ஏறுங்கோ. படிகளில் இருந்து முழு நகரமும் தெரியும். அங்கிருந்து இறங்கி, அலெய்ஜாதின்யோவை அடக்கம் செய்த கொன்செய்சாவோ கோயில். பிறகு பிரான்சிஸ்கோ, சதுக்கம், மியூசியம். நகரத்தின் மற்றப் பக்கத்தில் கறுப்பினச் சபையின் செபமாலை மாதா கோயில், வளைந்த முகப்போடு, மற்ற எதைப்போலவும் இல்லாமல் இருக்கும். 1733இல் ஊர்வலம் தொடங்கிய கோயில் அந்தச் சபையினுடையது. இப்போது நிற்கிற கட்டடம் பிறகு கட்டியது. அங்கிருந்து நடந்தே பிலாருக்குப் போங்கோ, அந்த ஊர்வலம் போனமாதிரி. தங்கத்தைக் கடைசியாப் பாருங்கோ.

திங்கட்கிழமை போகாதேங்கோ, கனக்கக் கோயில் பூட்டு. நல்ல சப்பாத்தும் வேணும். அந்த ஏற்ற இறக்கத்துக்கும் கல்லுத் தெருவுக்கும் செருப்புச் சரிவராது.