இசைத்தட்டின் உறை சொல்லாத செய்தி

அமெரிக்காவில் 2022-ஆம் ஆண்டில் விற்பனைக்கு அனுப்பப்பட்ட வினைல் இசைத்தட்டுகள் ஏறத்தாழ 4.1 கோடி; குறுந்தகடுகள் 3.3 கோடி. எண்ணிக்கையில் இசைத்தட்டு குறுந்தகட்டை முந்தியது 1987-க்குப் பிறகு அதுவே முதல் முறை. 2024-இல் அந்நாட்டில் இசைத்தட்டுகள் ஈட்டிய வருவாய் சுமார் 140 கோடி டாலர். முப்பது ஆண்டுகளுக்கு முன்பே இரங்கற்பா பாடி அனுப்பிவைக்கப்பட்ட ஒரு பொருளுக்கு இது சாதாரண மறுவாழ்வு அன்று.

ஆயினும் இந்த எண்களை அளவறிந்தே வாசிக்க வேண்டும். அதே 2024-இல் அமெரிக்க இசைத்துறை வருவாயில் 84 விழுக்காடு இணையவழி ஒலிபரப்புச் செயலிகளிலிருந்தே வந்தது. இசைத்தட்டின் பங்கு எட்டு விழுக்காடு அளவில்தான். ஆகவே, மக்கள் செயலிகளைக் கைவிட்டுப் பழைய காலத்துக்குத் திரும்புகிறார்கள் என்பது மிகைக்கூற்று. செயலியில் பாடலைக் கேட்பவர்களே, அதே பாடலைத் தட்டாகவும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள் என்பதே நடப்பு.

இன்னொரு புள்ளிவிவரமும் உண்டு. லூமினேட் என்ற இசைச்சந்தை ஆய்வு நிறுவனம் 2023-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, முந்தைய பன்னிரண்டு மாதங்களில் இசைத்தட்டு வாங்கிய அமெரிக்கர்களில் பாதிப்பேரிடம்தான் அதைச் சுழற்றிக் கேட்கும் கருவி இருந்தது. மற்ற பாதிப்பேர் எதற்காக வாங்கினார்கள் என்று இதைப் படித்துச் சிரித்தவர்கள் பலர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாங்கிய புத்தகங்கள் அனைத்தையும் வாசித்து முடித்தவர் நம்மில் எத்தனைபேர்? மாதச் சந்தா கட்டிக் கேட்கும் பாடல் வாடகை வீட்டைப் போன்றது. உரிமை ஒப்பந்தம் முடிந்த மறுநாள் அந்தப் பாடல் பட்டியலிலிருந்து மறைந்துவிட்டால் நாம் யாரிடமும் முறையிட முடியாது. தட்டு அப்படி மறையாது. இசையை மட்டுமன்றி உடைமை என்ற உணர்வையும் சேர்த்தே இவர்கள் விலைகொடுத்து வாங்குகிறார்கள்.

உடைமை என்று வந்துவிட்டால், கையில் இருப்பது என்ன என்ற கேள்வியும் வந்துவிடுகிறது. புதிய இசைத்தட்டு ஒன்றின் விலை நம் நாட்டுக் கடைகளிலேயே இரண்டாயிரம் ரூபாயை எளிதில் தாண்டுகிறது. அந்த விலைக்கு விற்பனையாளர் சொல்லும் நியாயம் பெரும்பாலும் ஒரே சொல்லில் அடங்கும்: 'அனலாக்'. இசைக்கூடத்தில் காந்த நாடாவில் பதிவான ஒலி, எண்களாகச் சிதறாமல் அலையாகவே நம் வீட்டுக்கு வந்துசேர்கிறது என்பது அதன் பொருள். அந்தச் சொல் எவ்வளவு பெறும் என்பதை 2022-இல் அமெரிக்காவில் எழுந்த ஒரு சர்ச்சை அம்பலப்படுத்தியது.

'மொபைல் ஃபிடெலிட்டி' என்பது உயர்தர மறுபதிப்புகளுக்குப் பேர்போன நிறுவனம். மூலநாடாவிலிருந்தே தயாரானவை என்ற அறிவிப்பு அதன் உறைகளின் மேல்விளிம்பில் பட்டையாக ஓடும். அந்நிறுவனம் மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' தொகுப்பை, தனது மிக உயர்ந்த தயாரிப்பு முறையில், 40,000 பிரதிகள் வெளியிடப்போவதாக அறிவித்தது. சேகரிப்பாளர்கள் சிலருக்குக் கணக்கு உதைத்தது.

அந்தக் கணக்கு எளியதுதான். வழக்கமான முறையில், நாடா ஒலிக்க ஒலிக்க ஒரு லாக்கர் தகட்டில் ஒலித்தடம் வெட்டப்படும். அந்தத் தகட்டிலிருந்து உலோக அச்சு, அதிலிருந்து மறு அச்சு, அதிலிருந்து பல அழுத்தச்சுகள் என்று தலைமுறை தலைமுறையாகப் பெருக்குவார்கள். ஒரே வெட்டிலிருந்து பல்லாயிரம் தட்டுகள் பிறக்கும். மொபைல் ஃபிடெலிட்டியின் உயர்முறையோ இடைத்தலைமுறைகளை நீக்கி, லாக்கர் தகட்டிலிருந்தே நேரடியாக அழுத்தச்சு எடுப்பது. ஓர் அழுத்தச்சு ஆயிரம் தட்டுகள் அளவுக்குத்தான் தாங்கும். அப்படியானால் 40,000 பிரதிகளுக்கு ஒவ்வொரு பக்கத்தையும் நாற்பது தடவையாவது வெட்டியாக வேண்டும்; அத்தனை தடவையும் மூலநாடாவை ஓடவிட்டாக வேண்டும். 1982-ஆம் ஆண்டின் விலைமதிப்பற்ற நாடாவை அதன் உரிமையாளர் அவ்வளவு முறை தேயவிடுவாரா?

அரிசோனா மாநிலத்தில் இசைத்தட்டுக் கடை நடத்தும் ஒருவர் இந்த ஐயத்தை ஜூலை மாதம் காணொளியில் வெளிப்படையாக எழுப்பினார். நிறுவனத்தின் பொறியாளர்களே அவருக்குப் பேட்டியளித்து உண்மையை ஒப்புக்கொண்டார்கள். மூலநாடாவை ஒருமுறை உயர்தர டிஜிட்டல் கோப்பாக மாற்றிக்கொண்டு, பிறகு அந்தக் கோப்பிலிருந்தே தட்டுகளை வெட்டிவந்தார்கள். 2011-ஆம் ஆண்டிலிருந்தே அவர்களுடைய வெளியீடுகள் பலவற்றில் இந்த இடைப்படி இருந்தது. வாங்கியவர்கள் வழக்குத் தொடுத்தனர். சுமார் 2.5 கோடி டாலர் மதிப்பிலான சமரசத்துக்கு நிறுவனம் இணங்கியது.

இந்த நிகழ்ச்சியில் எனக்குச் சுவையாகப் படுவது வேறொன்று. அந்தப் பத்தாண்டுகளிலும் அத்தட்டுகளைக் கேட்டு, கலப்பற்ற அனலாக் ஒலியின் உச்சம் என்று புகழ்ந்தவர்களில் தேர்ந்த காதுக்காரர்கள் இருந்தார்கள். டிஜிட்டல் படி ஒன்று நடுவில் இருப்பதை அவர்களுடைய காது கண்டுபிடிக்கவில்லை; கூட்டல் கழித்தல்தான் கண்டுபிடித்தது. டிஜிட்டல் என்றால் தாழ்வு என்ற வாதம் அங்கேயே வலுவிழந்துவிட்டது. கவனமாக எடுக்கப்பட்ட டிஜிட்டல் பிரதியிலிருந்து அருமையான இசைத்தட்டைச் செய்ய முடியும். தேய்ந்த நாடாவை மீண்டும் மீண்டும் ஓட்டுவதைவிட அது அறிவுடைமையும்கூட. வாங்குபவரிடம் அதைச் சொல்லாமல் விட்டதுதான் குற்றம்.

நம் நாட்டுக்கு வருவோம். 1902-இல் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரலைப் பதிவுசெய்தது முதல், இசைத்தட்டு இந்தியாவுக்கு அந்நியமாக இருந்ததில்லை. சொல்லப்போனால், 78 சுற்றுத் தட்டுகளுக்கு மூலப்பொருளான அரக்கு நம் காடுகளிலிருந்துதான் உலகெங்கும் சென்றது. டம்டம் ஆலையில் அச்சான தட்டுகள் தமிழகத்துச் சிற்றூர்த் திருமணப் பந்தல் வரை வந்து பாடின. காசெட் வந்தபின் 1980-களில் பின்வாங்கிய தட்டு அடுத்த பத்தாண்டில் ஏறக்குறைய மறைந்தே போனது. இப்போது பழைய திரையிசைத் தொகுப்புகள் மீண்டும் தட்டுகளாக வருகின்றன. 2024-இல் நவி மும்பையில் புதிய அழுத்தாலை ஒன்றும் இயங்கத் தொடங்கியது. இதுவரை வெளிநாட்டில் அச்சிட்டு இறக்குமதி செய்யப்பட்டவை இங்கேயே தயாராகுமானால் விலை இறங்கும் என்று எதிர்பார்க்கலாம்.

ஆனால் அண்மையில் நான் வாங்கிய மறுபதிப்புகளின் உறைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் புரட்டிப் பார்த்தேன். தட்டின் எடை 180 கிராம் என்று பெருமையாக அச்சிட்டிருக்கிறார்கள். (தட்டு கனமாக இருப்பதால் மட்டுமே ஒலி மேம்பட்டுவிடாது, கையில் எடுக்கும்போது மதிப்பாக இருக்கும், அவ்வளவுதான்.) பதிப்பு வரையறுக்கப்பட்டது என்கிறார்கள். அதிகபட்ச சில்லறை விலை, இறக்குமதியாளர் முகவரி எல்லாம் உண்டு. ஒலி எதிலிருந்து எடுக்கப்பட்டது என்பது மட்டும் இல்லை. மூலநாடா கிடைத்ததா? கிடைக்காமல், குறுந்தகட்டுக்கென்று முன்னர் தயாரித்த கோப்பையே தட்டில் ஏற்றினார்களா? அல்லது பழைய தட்டு ஒன்றைச் சுழற்றி அதிலிருந்து பிரதி எடுத்தார்களா? மூன்றும் நடக்கக்கூடியவை, மூன்றுக்கும் ஒரே விலை வைக்க முடியாது.

விலையையும் முகவரியையும் அச்சிடச் செய்தது வணிகரின் பெருந்தன்மை அன்று. 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருள்கள்) விதிகள். வாங்கும் பொருளின் தரத்தையும் தூய்மையையும் அறியும் உரிமையை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வெளிப்படையாகவே வழங்குகிறது. நெய்யில் கலப்பு இருந்தால் கேள்வி கேட்கும் நாம், இசைத்தட்டில் இருப்பது என்ன என்று கேட்பதற்கு ஏன் கூச்சப்பட வேண்டும்? உறையின் பின்புறம் இரண்டு வரி போதும்: ஒலி எடுக்கப்பட்ட மூலம், நடுவில் டிஜிட்டல் படி உண்டா இல்லையா. மேலைநாட்டுச் சிறு நிறுவனங்கள் சில இதைத் தாமாகவே அச்சிடுகின்றன. மேற்சொன்ன வழக்குக்குப் பிறகு மொபைல் ஃபிடெலிட்டியும் தன் தட்டுகளின் மூலத்தை வெளியிடத் தொடங்கிவிட்டது. இங்கே அதைக் கேட்பதற்கு நுகர்வோர் அமைப்புகள் எதுவும் இன்னும் வாய் திறக்கவில்லை என்பதே என் வருத்தம்.

தட்டை விற்பவர் சொல்லாதது இதுவென்றால், கருவியை விற்பவர் சொல்லாதது இன்னொன்று. எந்த டர்ன்டேபிள் வாங்கலாம் என்று கேட்கும் நண்பர்களிடம், முள்ளை முதலில் பாருங்கள் என்றுதான் சொல்வேன். பரிசுப்பொருளாகப் பெருவாரியாக விற்கும் சூட்கேஸ் வடிவக் கருவிகளில் பொதுவாக மலிவான செராமிக் கார்ட்ரிட்ஜ்தான் இருக்கும். அதன் முள் ஐந்து கிராம் அளவுக்குத் தட்டை அழுத்தும். நல்ல காந்த வகைக் கார்ட்ரிட்ஜுக்கு இரண்டு கிராம் போதும். வேறுபாடு மூன்று கிராம்தானே என்று தோன்றும். முள்ளின் நுனி தடத்தைத் தொடும் இடமோ கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது. அத்தனை சிறிய பரப்பில் விழும் மூன்று கிராம், இரண்டாயிரம் ரூபாய்த் தட்டைச் சிறிது சிறிதாக அரித்துவிடும்.

ஆகவே, கையின் பின்பக்கம் எடையைச் சரிசெய்யும் வசதியும், தேய்ந்த முள்ளை மாற்றும் வசதியும் உள்ள கருவியே வேண்டும். முள் 500 முதல் 1,000 மணி நேரம் வரை உழைக்கும்; பிறகு அதுவே தட்டுக்கு எமன். டெக்னிக்ஸ் நிறுவனத்தின் எஸ்.எல்.1200 என்ற கருவி 1972-இல் பிறந்து, 2010-இல் நிறுத்தப்பட்டு, ரசிகர்களின் ஏக்கத்தால் 2016-இல் திரும்பிவந்தது. விலை பலருக்கும் எட்டாது. எட்டாதவர்கள் ஆடியோ-டெக்னிக்கா, ரேகா, ப்ரோ-ஜெக்ட் போன்றவற்றின் தொடக்கநிலைக் கருவிகளில் ஒன்றைத் தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம். மிச்சப்படும் பணத்தை ஒலிபெருக்கிகளுக்குச் செலவிடுவது நல்லது. கருவிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே போனோ முன்பெருக்கி தேவை என்பதைப் பலர் வாங்கிவந்த பிறகே அறிகிறார்கள். தட்டில் வெட்டும்போது தாழ்சுரங்களைக் குறைத்தும் மேல்சுரங்களைக் கூட்டியும் வெட்டுவார்கள். கேட்கும்போது அதை நேர்செய்வது அந்தப் பெருக்கிதான். அது இல்லாவிட்டால் எந்தப் பாடலும் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலிக்கும்.

'அனலாக்' என்று தேடித்தேடி வாங்கிய தட்டைப் புளூடூத் வழியாகக் கேட்பவர்கள் பெருகிவருகிறார்கள். அங்கே ஒலி டிஜிட்டலாக மாறித்தான் காதை அடைகிறது. அதில் தவறில்லை, தாம் செய்வது இன்னதென்று அறிந்து செய்தால் சரி.

புதிய தட்டு தேய்ந்தால் இன்னொன்று வாங்கலாம். பழைய 78 சுற்றுத் தட்டுகளின் நிலை வேறு. முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) படச்சுருள் இன்று நம்மிடம் இல்லை. அந்தக் காலத்துப் படங்கள் பலவற்றுக்கு, பாட்டுத்தட்டு மட்டுமே எஞ்சிய சாட்சி. வி.ஏ.கே. ரங்காராவ் போன்றவர்கள் ஆயிரக்கணக்கில் தேடிச் சேர்த்ததால்தான் அந்தக் குரல்களில் பல நம் செவிக்கு எட்டின. பழைய பொருள் கடைகளிலும் பரண்களிலும் அத்தகைய தட்டுகள் இன்னமும் கிடக்கின்றன. புதிய மோகத்தில் அவற்றைத் தேடி எடுக்கும் இளைஞர்கள் கூடியிருப்பது மகிழ்ச்சியே. ஆனால் 78-இன் தடம் அகலமானது, எல்.பி. முள்ளைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு பருத்த நுனி அதற்கு வேண்டும். மெல்லிய முள் தடத்தின் அடிவரை இறங்கி, அங்கே படிந்திருக்கும் தூசியோடு சேர்த்துச் சுரண்டும். மலிவான சூட்கேஸ் கருவிகளில் பலவும் 33, 45, 78 என்ற மூன்று வேகங்களையும் பெட்டியின்மேல் கொட்டை எழுத்தில் விளம்பரப்படுத்துகின்றன. உள்ளே இருப்பது ஒரே ஒரு முள். அது எந்தத் தட்டுக்குரியது என்ற குறிப்பு மட்டும் பெட்டியில் எங்கும் இல்லை.