கணவருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்

தமிழகத்தின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவ்வாய்க்கிழமை காலை என்றால் கர்ப்பிணிகள் கூட்டம்தான். கையில் அட்டை, பையில் பழைய ஸ்கேன் ரிப்போர்ட், பக்கத்தில் அம்மாவோ மாமியாரோ. கணவர் வாசலில் பைக் மேல் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். இல்லையென்றால் மனைவியை இறக்கிவிட்டு வேலைக்குப் போயிருப்பார். டாக்டர் என்ன சொன்னார் என்று ராத்திரி கேட்டால், "ரத்தம் கம்மியாம், மாத்திரை கொடுத்திருக்காங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அந்த 'ரத்தம் கம்மி'யைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கும் அதிகமான பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. அதே ஆய்வு, இங்குள்ள கர்ப்பிணிகளில் 48 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்றும் சொல்கிறது. பெண்களை ஆஸ்பத்திரிக்கு வரவழைப்பதில் ஜெயித்த மாநிலம், அவர்கள் வீடு திரும்பிய பிறகு நடப்பதில் தோற்றுக்கொண்டிருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரையை 180 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். குமட்டுகிறது, மலச்சிக்கல் என்று பாதியில் விடுபவர்கள் ஏராளம். மாத்திரை போட்ட கையோடு டீ குடித்தால் சத்து சரியாக உடம்பில் சேராது. எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடும் வழக்கமோ பல வீடுகளில் இன்னும் போகவில்லை. இதையெல்லாம் கர்ப்பிணி ஒருத்தியால் மாற்றிவிட முடியாது. அறிவுரை மட்டும் அவளுக்கே.

கணவர் உள்ளே வரவேண்டியதற்கு நேரடியான மருத்துவக் காரணங்களும் உண்டு. மனைவியின் ரத்த வகை நெகட்டிவ், கணவருடையது பாசிட்டிவ் என்றால், குழந்தையைக் காக்க 28ஆவது வார வாக்கில் 'ஆன்டி-டி' ஊசி தேவைப்படலாம். கர்ப்பிணிக்குச் சிஃபிலிஸ் இருப்பது தெரிந்தால், அவருக்கு மட்டும் ஊசி போட்டால் போதாது. கணவருக்கும் சிகிச்சை தராவிட்டால் தொற்று திரும்ப வரலாம். கடும் தலைவலி, பார்வை மங்கல், ரத்தக் கசிவு, வயிற்றில் பிள்ளையின் அசைவு குறைதல் எல்லாம் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டிய அறிகுறிகள். 'விடியட்டும், பார்ப்போம்' என்று சொல்லக்கூடியவருக்கு இவை தெரிந்திருக்க வேண்டாமா?

ஆண்களுக்கு அக்கறை இல்லை என்று எல்லாப் பழியையும் அவர்கள் தலையில் கட்டுவது சுலபம். ஆனால், பரிசோதனை நடப்பது வேலை நாளில், வேலை நேரத்தில். கொத்தனாரோ லோடுமேனோ மனைவியோடு வந்தால் அன்றைய கூலி போச்சு. கூலியை விட்டு வந்தாலும் "ஆம்பளைங்க வெளியே இருங்க" என்ற குரல்தான் வரவேற்கும். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்ததும் மனைவி தாய் வீட்டுக்குப் போய்விடுவார். அதன் பிறகு கணவர் அந்த வீட்டுக்கு விருந்தாளி. வழக்கமும் அலுவலகமும் ஆஸ்பத்திரியும் சேர்ந்து ஒதுக்கிவைத்துவிட்டு, அவர் விலகி நிற்கிறார் என்று குறை சொல்வது நியாயமில்லை.

சட்டமும் இதில் உதவவில்லை. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு பயன்கள் சட்டம் தாய்க்கு 26 வாரம் விடுப்பு தந்தது. தந்தைக்கு ஒரு நாளும் தரவில்லை. மத்திய அரசு ஊழியர்களுக்கு 15 நாள் உண்டு. தனியார் துறையில் இருப்பவர்கள் கம்பெனியின் தயவை நம்ப வேண்டியதுதான். தென்காசி மாவட்டக் காவல் ஆய்வாளர் ஒருவர், செயற்கைக் கருத்தரிப்பு மூலம் கருவுற்ற மனைவியின் பிரசவத்துக்காக விடுப்புக் கேட்டு உயர் நீதிமன்றம்வரை போக நேர்ந்தது. விடுப்பை நீட்டிக்கக் கேட்டவரைப் பணியைக் கைவிட்டவராக அறிவித்தது துறை. 2023இல் அந்த உத்தரவை ரத்து செய்த மதுரைக் கிளை, தந்தையர் விடுப்புக்கு ஒரு சட்டம் தேவை என்பதையும் சுட்டிக்காட்டியது.

கணவரைச் சேர்த்துக்கொண்டால் பலன் கிடைக்குமா? காத்மாண்டு மகப்பேறு மருத்துவமனையில் நடந்த ஓர் ஆய்வில், கணவரோடு சேர்ந்து ஆலோசனை பெற்ற பெண்கள், தனியாகப் பெற்றவர்களைவிட அதிக அளவில் பிரசவத்துக்குப் பிந்தைய பரிசோதனைக்கு வந்தார்கள். ருவாண்டாவில் 1,199 தம்பதிகளை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2018இல் வெளியானது. தகப்பனாகப் போகிறவர்களுக்கும் இளம் தகப்பன்களுக்கும் அங்கே குழுவாகப் பயிற்சி தந்தார்கள். அந்த வீடுகளில் பெண்கள் பரிசோதனைக்குப் போவதும், கணவர் உடன் போவதும் கூடின. வீட்டில் அடி உதை குறைந்தது.

ஆனால் கணவர் கூட இருப்பது வேறு, கணவர் கையில் முடிவு இருப்பது வேறு. 2018 ஜூலையில் திருப்பூரில், யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்றதாகச் சொல்லப்பட்ட சம்பவத்தில் 28 வயது ஆசிரியை ரத்தப்போக்கால் இறந்தார். அவருடைய கணவர் பக்கத்தில்தான் இருந்தார். 2024இல் பிரபல யூடியூபர் ஒருவர், அறுவை அரங்கில் தன் குழந்தையின் தொப்புள் கொடியைத் தானே வெட்டி அதை வீடியோவாகவும் போட்டார். அந்தத் தனியார் மருத்துவமனைக்கு அபராதமும் பத்து நாள் தடையும் விதித்தது சுகாதாரத் துறை. தான்சானியாவிலோ வேறு விதமான சிக்கல். கணவரோடு வா என்று வற்புறுத்தியதால், துணையில்லாத பெண்கள் ஊர்த் தலைவரிடம் கடிதம் வாங்கி வரவேண்டியதாயிற்று. பெண்ணின் விருப்பத்தையும் உரிமையையும் மதித்துச் செய்தால் மட்டுமே ஆண்களின் பங்கேற்பை ஊக்குவிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் நிபந்தனை போட்டிருப்பது இதனால்தான்.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் கர்ப்பிணியிடம் தனியாகப் பேச வேண்டும். அவர் சம்மதித்தால் கணவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டும். தனியாக வருபவருக்குக் கவனிப்பு ஒரு துளியும் குறையக் கூடாது. பிரசவ அறையில் உடனிருக்க உறவுக்காரப் பெண்ணை அனுமதிக்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2004லேயே கொண்டுவந்தது. மற்ற பெண்களின் மறைவுக்குப் பங்கம் வராத இடங்களில் கணவரையும் அனுமதிக்கலாம் என்கிறது 2016ஆம் ஆண்டின் மத்திய அரசு வழிகாட்டுதல். கட்டில்களுக்கு நடுவே தடுப்பும் திரையும் போட்டால் அரசு மருத்துவமனையிலும் இது நடக்கும்.

தந்தையர் விடுப்புக்குச் சட்டம் வர நாளாகலாம். கிளினிக் நேரத்தை மாற்ற நாடாளுமன்றம் கூடத் தேவையில்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பதிகளுக்கான பரிசோதனை, அன்று பணிபுரியும் செவிலியர்களுக்கு ஈடாக வேறொரு நாள் விடுப்பு என்று மாவட்ட அளவிலேயே முடிவெடுக்கலாம். பனியன் கம்பெனிகளுக்கு ஞாயிறு வார விடுமுறையாக உள்ள திருப்பூரில் இதை முதலில் செய்து பார்க்கலாம்.