ஆடினது சரி, ஆற்ற பாட்டெண்டு கேட்டமா?



போன மாசம் நாங்கள் வைத்த நிதிசேர்ப்பு இரவில, சாப்பாடு முடிஞ்ச கையோட ஒரு சிம்பாப்வே பாட்டுப் போட்டாங்கள். மண்டபமே எழும்பி ஆடினது. நானும்தான். பக்கத்தில நிண்ட தம்பியிட்ட "இது ஆற்ற பாட்டு?" எண்டு கேட்டன். "தெரியாதக்கா, நல்ல வைப் தானே!"

தம்பியோட எனக்குக் கோபமில்லை. அந்தப் பதிலோடதான் சண்டை.

அது தோமஸ் மப்ஃபூமோவின் பாட்டு. சிம்பாப்வே அப்போது ரொடீசியா. வெள்ளைச் சிறுபான்மையின் ஆட்சி. மரப்பலகையில் இரும்பு நாக்குகளைப் பூட்டி, விரல்களால் மீட்டுகிற எம்பிரா, ஷோனா மக்கள் முன்னோரின் ஆவிகளை அழைக்கும் சடங்குகளின் வாத்தியம். விடிய விடிய அதற்கு ஆடுவார்கள். மிசனரிமார் அதைப் பேய்வழிபாடு எண்டு ஒதுக்கினார்கள். காணியைப் பறித்தவன் தாளத்தையும் பறிக்கப் பார்த்தான்.

மப்ஃபூமோவும் தொடக்கத்தில் எல்விஸ் பிரெஸ்லி பாட்டுகளைப் பாடித் திரிஞ்சவர்தான். 1970களின் தொடக்கத்தில், ஒரு செப்புச் சுரங்கத்தில் தொழிலாளிகளுக்கு வாசித்த இசைக்குழுவில் இருந்தபோது பாதை மாறியது. எம்பிராவின் சுற்றிச் சுற்றி வரும் மெட்டு எலக்ட்ரிக் கிற்றாருக்கு ஏறியது. சுரைக்குடுக்கைக் கிலுக்கான ஹோஷோவின் தாளம் டிரம்ஸுக்கு ஏறியது. சொல் ஷோனாவில் வந்தது. அந்த இசைக்குப் பெயர் சிமுரெங்கா, அதாவது போராட்டம். 1896-97 கிளர்ச்சிக்கும் அதே பெயர்தான். ரொடீசிய அரசு அவரைக் குற்றச்சாட்டே இல்லாமல் சிறையில் வைத்தது. 1980இல் நாடு விடுதலை அடைந்தது.

இதுவரைக்கும் எங்களுக்கு இனிக்கிற கதை. கன பேர் இந்த இடத்தில கதையை நிப்பாட்டிப் போடுவினம்.

நிப்பாட்ட ஏலாது. 1988இல் ஒரு மோசடி வெளிவந்தது. அமைச்சர்மார் வில்லோவேல் தொழிற்சாலையில் மலிவு விலைக்குக் கார்களை எடுத்து, கொள்ளை விலைக்கு வித்திருந்தார்கள். நேற்றைய போராளிகள்! 1989இல் மப்ஃபூமோ 'கரப்ஷன்' எண்ட பாட்டை வெளியிட்டார். பிறகும் வாயை மூடவில்லை. அரச வானொலி அவருடைய பாட்டுகளை ஒதுக்கியது. கடைசியில் குடும்பத்தோட அமெரிக்காவின் ஒரேகனுக்குப் போய்ச் சேர்ந்தார். அவரும் எங்களைப் போல ஒரு புலம்பெயர்ந்தவர். முகாபே பதவி இழந்த பிறகு, 2018இல்தான் ஹராரேயில் திரும்ப மேடை ஏறினார்.

இதுக்குள்ள பெரிய கொடுமை ஒண்டு இருக்கு. அதே அரசு 2000க்குப் பிறகு தன் காணி நடவடிக்கைக்கு 'மூன்றாவது சிமுரெங்கா' எண்டு பெயர் வைத்தது. பறிகொடுத்த காணியைக் கேட்டது நியாயம்தான். ஆனா சொல்லை வைத்துக்கொண்டு பாடகனைத் துரத்தின அரசு, போராட்டத்தின் பெயரில் எதைக் காத்தது?

"எங்கட குறையைப் பாடினா எதிரிக்கு வாய்ப்பாப் போயிடும்" எண்டு சொல்லுவினம். எங்கட கூட்டங்களிலயும் கேட்ட வசனம்தானே? மப்ஃபூமோவின் மறுமொழி அவருடைய வாழ்க்கை. வெள்ளையனைக் கேள்வி கேட்ட அதே தாளத்தில், வென்ற தன் ஆக்களையும் கேட்டார். அந்தத் தாளம் சனத்தின்ர. எந்தக் கட்சியின்ர சொத்தும் இல்லை. மௌனத்தால் லாபம் அடைந்தவர்கள் கார் வித்த அமைச்சர்மார். விலை குடுத்தது ஏழைச் சனம்.

எங்கட மேடைகளிலயும் விடுதலைப் பாட்டுக்குக் குறைவில்லை. எங்கட தலைமைகளையே கேள்வி கேட்கிற பாட்டு கடைசியா எப்ப ஒலிச்சது?

அடுத்த நிகழ்வுக்கு ரெண்டு வேலை செய்வம். பாட்டுப் போடுற ஆள், ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால அது ஆற்ற பாட்டு, ஆருக்கு எதிரான பாட்டு எண்டு ரெண்டு வசனம் சொல்லோணும். எங்களையே குத்துற பாட்டு ஒண்டாவது அதுக்குள்ள இருக்கோணும்.

பிறகு விடிய விடிய ஆடுவம். நானும் வாறன்.