கடைசி ஊரில் தங்கிய படங்கள்



இந்த இதழை மௌனப்படக் காலத்துக்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். பேசாத படத்துக்கு இத்தனை பக்கமா என்று சிலர் கேட்கலாம். பேசாததால்தான் அந்தப் படங்களால் உலகமெங்கும் போக முடிந்தது. 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிப் படம் காட்டினார்கள். அடுத்த ஜூலையிலேயே பம்பாய் வாட்சன் ஹோட்டலில் அவர்களுடைய படங்கள் ஓடின.

மொழி மாற்றுவதும் அன்று சுலபம். நடுவில் வரும் எழுத்துத் துண்டுகளை வெட்டிவிட்டு உள்ளூர் மொழியில் எழுதியதை ஒட்டினால் போதும். ஜப்பானில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொன்ன ‘பென்ஷி’களில் சிலருக்கு நடிகர்களைவிடப் பேர் அதிகம். நம் ஊர்க் கொட்டகைகளிலும் எழுத்தை உரக்க வாசித்துக் கதையை விளக்க ஆள் இருந்தார்.

வெட்டி ஒட்டுவது சுலபமாக இருந்ததே வினையாகவும் போனது. ஃபிரிட்ஸ் லாங்கின் ‘மெட்ரோபோலிஸ்’ 1927 ஜனவரியில் பெர்லினில் வெளியானது. நீளம் அதிகம் என்று சில மாதங்களுக்குள் கத்தரித்துவிட்டார்கள். வெட்டிய பகுதி எண்பது வருடம் யார் கண்ணிலும் படவில்லை. 2008-ல் கிட்டத்தட்ட முழுப்படமும் புவெனஸ் அயர்ஸ் அருங்காட்சியகம் ஒன்றில் அகப்பட்டது. கத்தரி விழுவதற்கு முன்பே அர்ஜென்டினாவுக்குப் போன பிரதியிலிருந்து எடுத்த நகல் அது.

இந்த இதழின் கட்டுரைகளைத் திருத்தும்போது திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது இதுதான்: தலைநகரங்கள் தொலைத்ததைக் கடைக்கோடி ஊர்கள் வைத்திருந்தன. கனடாவின் வடமேற்கில் டாசன் சிட்டி என்றொரு தங்கவேட்டை ஊர். படப்பெட்டி சுற்றிவரும் பாதையில் அதுதான் கடைசி. திருப்பி அனுப்பும் செலவுக்கு ஸ்டுடியோக்கள் தயாராக இல்லை. தேங்கிய சுருள்களைப் போட்டு 1929-ல் ஒரு பழைய நீச்சல் குளத்தைத் தூர்த்தார்கள். 1978-ல் தோண்டியபோது ஐந்நூறுக்கும் மேற்பட்ட சுருள்கள் வெளியே வந்தன. ஜான் ஃபோர்டின் ‘அப்ஸ்ட்ரீம்’ நியூசிலாந்தில் கிடைத்த கதையும் ஏறக்குறைய இதுவே.

ஆனால் கார்ல் டிரையரின் ‘தி பேஷன் ஆஃப் ஜோன் ஆஃப் ஆர்க்’ பட்ட பாட்டுக்கு ஈடு கிடையாது. படம் பிரான்ஸில் எடுத்தது, இயக்குநர் டென்மார்க்காரர், ஒளிப்பதிவாளர் ருடால்ஃப் மாத்தே போலந்தின் கிராக்கோவில் பிறந்தவர், அரங்கம் அமைத்தவர்களில் ஒருவரான ஹெர்மன் வார்ம் ஜெர்மானியர். பெரும் செலவில் ஒரு கோட்டையையே எழுப்பிவிட்டு, டிரையர் அதைச் சரியாகக் காட்டக்கூட இல்லை. படம் நெடுக முகங்கள், முகங்கள். ஜோனாக நடித்த ஃபால்கனெட்டியின் ஒப்பனையே இல்லாத முகம். பணம் போட்டவர்கள் வயிற்றெரிச்சல் பட்டிருந்தால் குற்றம் சொல்ல முடியாது! என் கணக்கில் மௌனப்படக் காலத்தின் உச்சம் இந்தப் படம்தான். சாப்ளின் ரசிகர்கள் சண்டைக்கு வரட்டும்.

1928-ல் கோபன்ஹேகனில் முதலில் திரையிட்டார்கள். பாரிஸுக்கு வருவதற்குள் தணிக்கை கை வைத்துவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் பெர்லினில் மூல நெகட்டிவ் தீக்கிரையானது. ஒதுக்கி வைத்திருந்த ஷாட்டுகளைக் கோத்து டிரையர் இன்னொரு வடிவம் செய்தார். முதல் வடிவம் போனது போனதுதான் என்ற நினைப்பிலேயே 1968-ல் இறந்தார். 1981-ல் நார்வேயில், ஆஸ்லோவுக்கு அருகே ஒரு மனநல மருத்துவமனையின் சாமான் அறையைச் சுத்தம் செய்தபோது சில படப்பெட்டிகள் அகப்பட்டன. டேனிஷ் எழுத்துகளோடு, வெட்டுப்படாத முதல் வடிவம்! அது எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்பதற்கு இன்றுவரை தெளிவான பதில் இல்லை.

நம் பக்கத்துக் கணக்கு சோகமானது. நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த ‘கீசக வதம்’, தென்னிந்தியாவின் முதல் கதைப்படம், ஒரு அடிகூட மிஞ்சவில்லை. நாகர்கோவில் சுந்தர்ராஜ் தயாரித்த ‘மார்த்தாண்ட வர்மா’ மட்டும் தப்பியது, அதுவும் வழக்கின் புண்ணியத்தில். படத்துக்கு அடிப்படையான நாவலின் உரிமையை வைத்திருந்த பதிப்பாளர் நீதிமன்றத்துக்குப் போனதால் படம் முடங்கியது. பிரதி அந்தப் பதிப்பாளரின் புத்தகக் கடையிலேயே கிடந்து, 1974-ல் புனே திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. தொடர்ந்து திரையில் ஓடியிருந்தால் தேய்ந்தே போயிருக்கும்.

தாத்தா கொட்டகை நடத்தினார், படப்பெட்டி தூக்கினார் என்று எங்களுக்கு எழுதும் வாசகர்கள் உண்டு. உங்கள் வீட்டுப் பரணில் பழைய சுருளோ, துண்டு நோட்டீஸோ, கதைச் சுருக்கப் புத்தகமோ கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சுருள் என்றால் கூடுதல் கவனம் தேவை. அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் வெயில் சூட்டிலேயே பற்றிக்கொள்ளலாம். பற்றினால் தண்ணீருக்கும் அடங்காது. ஓட்டிப் பார்க்க வேண்டாம், பிரிக்கவும் வேண்டாம். குளிர்ச்சியான, காற்றோட்டமான இடத்தில் தனியே வைத்துவிட்டு, புனே காப்பகத்துக்கோ எங்களுக்கோ ஒரு கடிதம் போடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்