கடைசிக் காலத் தீர்க்கதரிசனங்களும் அவற்றைக் கற்கும் முறையும்

வருவதை முன்னறிய விரும்புதல் மக்களுக்கு இயல்பு. யுத்தமும் பஞ்சமும் கொள்ளைநோயும் தோன்றுங் காலங்களில் அவ்விருப்பம் பன்மடங்கு பெருகுகின்றது. அக்காலங்களிலெல்லாம் கிறிஸ்தவர்கள் தானியேலின் ஆகமத்தையும் வெளிப்படுத்தின விசேஷத்தையும் விரித்து வைத்து, நாம் இப்பொழுது எவ்விடத்தில் நிற்கின்றோம் என்று வினவுவது வழக்கம். வினவுதல் குற்றமன்று. ஆனால் விடை கூறுவோர் பலராய், விடைகளும் ஒன்றோடொன்று முரணுவனவாய் இருத்தலின், ஒரே விடுதியில் உண்டு ஒரே ஆலயத்தில் தொழும் மாணவருள்ளும் பிணக்கு நேருகின்றது. ஒரு சாரார் மற்றவரை வேதத்தை நம்பாதவர் என்கின்றனர். மற்றவர் இவரை அறிவிலார் என்று நகைக்கின்றனர். மூன்றாஞ் சாரார் இருவரையுங் கண்டு வெறுப்புற்று அந்நூல்களைத் தொடுவதையே விட்டுவிடுகின்றனர். இம்மூன்றும் தவறென்பதும், இவற்றிற்கு வேறான நன்னெறி ஒன்று உண்டென்பதும் நமது கருத்து.

முதலாவது, வேற்றுமை எவ்விடத்தில் உள்ளதென்பதைத் தெளிதல் வேண்டும். கிறிஸ்து மீண்டும் வருவார் என்பதிலும், மரித்தோர் எழுவர் என்பதிலும், யாவருக்கும் நியாயத்தீர்ப்பு உண்டென்பதிலும் திருச்சபையின் பெரும்பிரிவுகள் யாவும் ஒருமனப்பட்டவை. நிசேயா விசுவாசப்பிரமாணம் இவற்றை அறிக்கையிடுகின்றது. ஆயிரம் ஆண்டுகளைப்பற்றியோ அது ஒரு சொல்லும் உரைக்கவில்லை. வாதம் பெரும்பாலும் வெளிப்படுத்தின விசேஷத்தின் 20ஆம் அதிகாரத்தைச் சுற்றியே எழுகின்றது. அங்கே அடுத்தடுத்த ஆறு வசனங்களில் ஆறு முறை ஆயிரம் ஆண்டுகள் குறிக்கப்படுகின்றன. சாத்தான் கட்டுண்டிருக்கப் பரிசுத்தவான்கள் கிறிஸ்துவோடு அரசாளும் அக்காலம் யாது? அவருடைய வருகைக்கு முன்னதோ, பின்னதோ? எண்ணளவில் ஆயிரமோ, நிறைவைக் குறிக்கும் உருவகமோ? இவையே வினாக்கள்.

வருகைக்குப் பின்னரே இவ்வரசாட்சி நிகழும் என்பது மிகப் பழைய கொள்கைகளுள் ஒன்று. இரண்டாம் நூற்றாண்டினரான இரத்தசாட்சி யுஸ்தீனும், லியோன் நகரத்துக் கண்காணியாகிய இரேனேயுவும் இதனைக் கொண்டவர்கள். யுஸ்தீன் திரிப்போ என்னும் யூதருடன் நிகழ்த்திய உரையாடலில், தம் நம்பிக்கையை உறுதியாய்க் கூறுகையிலேயே, நல்ல கிறிஸ்தவர்களாயிருந்தும் இதனை ஒப்பாதார் பலர் உளர் என்று ஏற்றுக்கொள்ளுகின்றார். ஆதித் தலைமுறைகளிலேயே வேற்றுமை இருந்தது. அதனைச் சொல்ல அவர் கூசவுமில்லை, அதன்பொருட்டு அவர்களைச் சபைக்குப் புறம்பாக்கவுமில்லை.

இரண்டாவது கொள்கையைப் பெரிதும் நிலைநாட்டியவர் அகுஸ்தீன். முன்னர் யுஸ்தீனைப்போலவே எண்ணிய இவர், ‘கடவுளின் நகரம்’ என்னும் தம் பெருநூலின் 20ஆம் புத்தகத்தில் கருத்து மாறி, ஆயிரம் ஆண்டு என்பது கிறிஸ்துவின் முதல் வருகை தொடங்கி நடைபெறும் திருச்சபையின் காலமே என்று விளக்கினார். மேலைத் திருச்சபையில் பல நூற்றாண்டுகள் இவ்விளக்கமே ஓங்கி நின்றது. உயிர்த்தெழுதலுக்கு முன்னே நீதிமான்கள் உலக அரசைக் கைக்கொள்ளுவர் என்னும் போதனையை 1530ஆம் ஆண்டு லுத்தரன் சபையார் அளித்த அவுக்ஸ்புர்க் அறிக்கையின் 17ஆம் பிரிவும் மறுத்தது.

மூன்றாவது கொள்கையினர், சுவிசேஷம் உலகெங்கும் பரவி, நீதியுஞ் சமாதானமும் நிறைந்த நெடுங்காலம் ஒன்று உண்டாகும் என்றும், அதன் முடிவிலேயே கிறிஸ்து வருவார் என்றும் கூறுவர். அமெரிக்கரான யோனத்தான் எட்வர்ட்ஸ் (1703–1758) இவருள் தலைசிறந்தவர். அக்காலத்தும் அடுத்த நூற்றாண்டிலும் எழுந்த மிஷனெரி முயற்சிக்கு ஊக்கமளித்தவற்றுள் இந்நம்பிக்கையும் ஒன்று. 1914இலும் 1939இலும் தொடங்கிய பெரும் போர்களுக்குப்பின் இக்கொள்கையினர் அருகினர், ஆயினும் அற்றுப்போயினரல்லர்.

நான்காவது, ஜான் நெல்சன் டார்பி (1800–1882) என்பவரால் உருப்பெற்று, 1909ஆம் ஆண்டு வெளிவந்த ஸ்கோபீல்டு வேதாகமத்தின் குறிப்புரைகளால் உலகெங்கும் பரவியது. இஸ்ரவேலும் சபையும் வெவ்வேறு என்றும், மகா உபத்திரவ காலத்திற்கு முன்னரே சபை எடுத்துக்கொள்ளப்படும் என்றும் இது போதிக்கின்றது. நம் நாட்டுக் கூட்டங்களில் இரகசிய வருகை என்று நாம் கேட்பது இதுவே. இதனை ஆதிமுதல் யாவரும் நம்பியதாகப் பலர் கருதுகின்றனர், அஃதன்று. புதியது என்பதனால் ஒன்று பொய்யாகாது. பழையது என்பதனாலேயே மெய்யாகவும் மாட்டாது. எனினும் ஒரு கொள்கையின் வயதை அறியாமல் அதனை அப்போஸ்தலர் கைப்படத் தந்ததுபோற் பேசுதல் கற்றோர்க்கு அழகன்று. வருகை சமீபம் என்னும் உணர்வே இக்கொள்கையினர் பலரைத் தூரதேசங்களில் உழைக்கச் செய்தது என்பதையும் மறத்தலாகாது.

நிற்க. இவ்விஷயத்தில் தவறுதலால் வருங் கேடு சிறிதன்று. ஜெர்மானிய நாட்டு மூன்ஸ்டர் நகரைத் தேவநகரமென்று கொண்டு 1534ஆம் ஆண்டு ஒரு கூட்டத்தார் கைப்பற்றினர். மறு ஆண்டு முற்றுகை முடிந்தபோது பசியாலும் பட்டயத்தாலும் மாண்டோர் பலர். அமெரிக்க விவசாயியாகிய வில்லியம் மில்லர், தானியேலின் 8ஆம் அதிகாரத்திலுள்ள 2,300 நாட்களை ஆண்டுகளாக எண்ணி, கி. மு. 457 முதல் கணக்கிட்டார். அவர்தம் கூட்டத்தார் முடிவாகக் குறித்த 1844ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாளை எதிர்நோக்கி விளைந்த பயிரை அறுக்காது விட்டவரும் உண்டு. நமக்கு அண்மையிலே, மத்திய திருவிதாங்கூரில் 1875ஆம் ஆண்டளவில் தோன்றிய எழுப்புதலில், ஆறாண்டுகளில் வருகை நிகழும் என்று போதிக்கப்பட்டது; 1881 வந்து சென்றது. 2011ஆம் ஆண்டு மே 21ஆம் நாளை வானொலி வாயிலாகக் குறித்த ஹெரால்டு கேம்பிங் என்பவரை நம்பிச் சிலர் தம் சேமிப்பையெல்லாம் விளம்பரத்திற் செலவிட்டனர். மறு ஆண்டு அவர் தம் பிழையை வெளிப்படையாய் ஒப்புக்கொண்டார். செலவழிந்த பொருளோ திரும்பவில்லை. இவருட் பலர் வேதத்தைக் கருத்தூன்றி வாசித்தவர்களே. ஆதலின் வாசிப்பு மட்டும் போதாது, வாசிக்கும் முறையும் வேண்டும்.

அம்முறைதான் யாது? முதலாவது, அந்நூல் முதன்முதல் யாருக்கு எழுதப்பட்டதோ அவரோடிருந்து அதனைக் கேட்டல் வேண்டும். வெளிப்படுத்தின விசேஷம் எபேசு முதல் லவோதிக்கேயா ஈறாக ஆசியாவிலிருந்த ஏழு சபைகளுக்கு எழுதப்பட்டது. அறிஞர் பலர் அதனை டொமீஷியன் அரசனின் இறுதிக்காலமாகிய கி. பி. 95ஆம் ஆண்டையொட்டி வைப்பர், கி. பி. 70க்கு முன்னரே எழுதப்பட்டதென்பாரும் உளர். எவ்வாறாயினும், இடுக்கணுற்ற அச்சபையார்க்கு ஒரு பொருளும் தராத விளக்கத்தை நாம் எளிதில் ஏற்றலாகாது.

இரண்டாவது, வேதத்தின் உருவகங்களுக்கு வேதத்திலேயே பொருள் தேடுதல் வேண்டும். ஏழு குத்துவிளக்குகள் ஏழு சபைகள் என்று அந்நூலே முதல் அதிகாரத்தில் உரைக்கின்றது. 13ஆம் அதிகாரத்து மிருகம் சிறுத்தை, கரடி, சிங்கம் ஆகியவற்றின் சாயல் கொண்டிருத்தலைக் காண்கின்றோம். தானியேலின் 7ஆம் அதிகாரத்தைக் கற்றவன் அவை அங்கே தனித்தனி அரசுகளாய் நின்றமையை நினைவுகூர்ந்து, அரசுகளின் கொடுமையெல்லாம் ஒன்றிலே திரண்டமையை உணர்வான். அதனைக் கல்லாதவனோ அம்மிருகத்தை அன்றன்றுள்ள செய்தித்தாளிலே தேடுவான். தாள் மாறுந்தோறும் அவனுடைய மிருகமும் மாறும்.

மூன்றாவது, நாம் ஒப்பாத கொள்கையை அதனை நம்புவோரின் வாயாலேயே கேட்டல் வேண்டும். 1977ஆம் ஆண்டு ராபர்ட் கிளவுஸ் என்னும் வரலாற்றாசிரியர் நாம் மேற்கூறிய நான்கு கொள்கையினரையும் ஒரே நூலில் எழுதச் செய்து, ஒவ்வொருவருக்கும் ஏனைய மூவரும் மறுமொழி கூறுமாறும் அமைத்தார். நம் வேதபாட வகுப்புகளும் அவ்வாறே நடத்தப்படல் வேண்டும். எதிர்க்கட்சியான் கேட்டு, ஆம், நான் கூறுவது இதுவே என்று தலையசைக்கும் வண்ணம் அவன் கொள்கையை எடுத்துரைக்க வல்லவனே அதனை மறுக்கத் தகுதியுடையான்.

நான்காவது, நாள் குறிப்பதை அறவே விலக்குதல் வேண்டும். அந்நாளையும் நாழிகையையும் ஒருவரும் அறியார் என்பது கிறிஸ்துவின் போதனை. இயற்கை நூலிற் பேரறிஞராகிய ஐசக் நியூட்டனும் இவ்வாகமங்களை நெடிதாய்ந்தவரே. அவர் மறைவுக்குப்பின் 1733இல் அச்சேறிய நூலில், நிகழ்ச்சிகள் நிறைவேறியபின் கடவுளின் ஞானம் விளங்கவே தீர்க்கதரிசனம் அருளப்பட்டதன்றி, நம்மைத் தீர்க்கதரிசிகளாக்க அன்று என்னும் கருத்தை அவர் வற்புறுத்தினார். ஒருவர் நாள் குறித்து நம்மை அழைப்பாராயின், அந்நாள் கடந்தபின் நீர் செய்யப்போவது யாது என்று முன்னதாகவே அவரைக் கேட்டல் நலம்.

இங்ஙனம் பல கட்சியையும் ஆராய்வது விசுவாசத்தின் அனலைக் குறைத்துவிடாதோ என்று சிலர் அஞ்சுவர். அவ்வச்சத்தை நாம் இகழோம். எக்கொள்கையும் ஒன்றே என்று கூறி எதனையும் ஆராயாதிருத்தல் பொறுமையன்று, சோம்பலே. நான்கு விளக்கங்களும் ஒருங்கே மெய்யாதல் இயலாது. ஆதலின் ஒவ்வொருவரும் ஆராய்ந்து தமக்கு நேர்மையெனத் தோன்றுவதைக் கொள்ளுவதே கடன். நாம் வேண்டுவது, கொண்ட பொருளின் அளவறிந்து பற்றுதல் மாத்திரமே. வருகை உண்டென்பதை உயிர்போலப் பற்றுவோம். அதன் ஒழுங்கைப்பற்றிய கருத்தை, திருத்தப்படுதற்கு இசைந்த கையினால் பற்றுவோம்.

தெசலோனிக்கேயருக்கு எழுதப்பட்ட இரண்டாம் நிருபத்தை நம் மாணவர் நினைவிற் கொள்ளுதல் நன்று. கர்த்தருடைய நாள் வந்துவிட்டதென்று கலங்கினோரைத் தேற்றிய அந்நிருபமே, வேலை செய்யாது திரிந்தோரைக் கடிந்து, அமைதியாய் உழைத்து உண்ணுமாறும் பணிக்கின்றது. முடிவு அணித்தாயின் பரீட்சைக்குப் படிப்பதேன், மரம் நடுவதேன், நோயாளியைப் பேணுவதேன் என்று வினவுவோர்க்கு அதுவே விடை. எஜமான் எப்பொழுது வரினும் தன் பணியிலே காணப்படும் ஊழியனுக்கு வெட்கமில்லை. நான்கு கொள்கையினரும் இதில் ஒன்றுபடுவராதலின், இதனைச் செய்துகொண்டே ஏனையவற்றை அன்போடு ஆராய்வோமாக.