மின்னலை ஒட்டினால் புயல் வந்துவிடுமா?

கணினியில் வரைந்த புயல் காட்சி ஒன்றைக் காட்டினால் போதும், "இதெல்லாம் கம்ப்யூட்டர் போட்டதுதானே" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். சொல்பவர் டிஜிட்டல் பேனாவைக் கையால் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார். ஆனாலும் அவருக்கு அந்தப் பேச்சை எடுத்துக்கொடுத்தவர்கள் வரைகிறவர்களேதான்.

போட்டோஷாப்பில் கிளவுட்ஸ் என்றொரு ஃபில்டர் இருக்கிறது. இரண்டு நிறங்களைத் தேர்ந்தெடுத்து ஒரு க்ளிக் செய்தால் திரை முழுக்கப் புகைமூட்டம். அதன்மேல் இணையத்திலிருந்து இறக்கிய மேக பிரஷ், மழை பிரஷ், மின்னல் பிரஷ். கீழே கன்னங்கரேலென்று ஒரு மலை. பத்து நிமிடத்தில் புயல் ரெடி!

ஃபில்டர் தரும் மேகத்துக்குத் தூரம் தெரியாது. நிஜ வானத்தில் தலைக்குமேல் பெரிதாகத் தெரியும் மேகங்கள், தொடுவானத்தை நெருங்க நெருங்கச் சிறுத்து, தட்டையாகி, ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிக்கொள்ளும். ஃபில்டரில் மேலும் கீழும் ஒரே அளவு. வானம் ஜன்னல் திரை மாதிரி தொங்குகிறது. மழை ஒரு பக்கம் சாய, மரம் எதிர்ப்பக்கம் வளைகிறது. (இரண்டு காற்று போலிருக்கிறது.)

இவற்றைக்கூட மன்னிக்கலாம். வெளிச்சத்தில் செய்வதை மன்னிக்க முடியாது. புயல் என்றால் இருட்டு என்று எல்லாவற்றுக்கும் கறுப்படித்துவிடுகிறார்கள். சாதாரண நாளில் வானம்தான் நிலத்தைவிட வெளிச்சம். கனத்த மேகம் ஒளியைத் தடுத்து அடிப்பக்கம் கறுத்து நிற்க, எங்கோ ஓர் இடைவெளி வழியாக வெயில் வயலில் விழுந்தால், நிலம் வானத்தைவிடப் பளீரென்று தெரியும். அந்தத் தலைகீழ்தான் பார்ப்பவர் வயிற்றைக் கலக்குகிறது. மின்னலே தேவையில்லை.

இங்கிலாந்து ஓவியர் ஜான் கான்ஸ்டபிளுக்கு இது தெரிந்திருந்தது. காற்றாலையில் மாவரைத்த குடும்பம்; வானத்தைப் பார்க்காமல் பிழைப்பு நடக்காது. 1821, 1822இல் லண்டனை ஒட்டிய ஹாம்ப்ஸ்டெட்டில் மேகங்களைத் திரும்பத் திரும்ப வரைந்தார். பல படங்களின் பின்பக்கம் தேதி, நேரம், காற்றின் திசை எல்லாம் எழுதியிருக்கிறார். பின்னர் பிரைட்டனில் கடல்மேல் கொட்டும் மழையை வரைந்தார். நோட்டுப்புத்தகம் அளவே உள்ள படம். மேலிருந்து கீழே வேகமாக இழுத்த சில கறுப்பு இழுப்புகள்தான். மிரட்டுகிறது.

அதற்காகக் கருவியே பாவம் என்பதும் அபத்தம். லேயரும் அன்டூவும் ஏமாற்று என்றால், 1841இல் ஜான் ரேண்ட் கண்டுபிடித்த பெயின்ட் ட்யூபும் ஏமாற்றுதான். டேவிட் ஹாக்னி 2011இல் யார்க்ஷயரின் வோல்ட்கேட் சாலையை ஐபேடில் வரைந்தார். குளிர்காலம் போய் வசந்தம் வரும்வரை அதே சாலைக்குத் திரும்பத் திரும்பப் போனார். ஐபேட் அவருக்குப் பதிலாகப் பார்த்துக் கொடுக்கவில்லை.

இப்போது ஒரு வரி தட்டினால் செயற்கை நுண்ணறிவு சில நொடிகளில் புயலைக் கொட்டிவிடுகிறது. பத்து நிமிடம் செலவழித்து ஒட்டுவேலை செய்கிறவருக்கு இனி அந்த வேகப் பெருமையும் கிடையாது. அடுத்த முறை மேகம் கறுக்கும்போது மின்னல் பிரஷ்ஷை டெலிட் செய்துவிட்டு மொட்டைமாடிக்குப் போகலாம். வானம் இருட்டா, எதிர்வீட்டுச் சுவர் இருட்டா என்று பார்த்து, காற்று எந்தப் பக்கம் என்பதையும் குறித்துக்கொண்டு வந்து உட்காரட்டும். "கம்ப்யூட்டர் போட்டதுதானே" என்று அப்புறமும் யாராவது கேட்டால் சண்டை போடலாம்.